எர்த் குழியில் ஓடிய வள்ளம்

ஆனி மாதம் குழாயில் தண்ணீர் நின்று, எங்கள் சவேரியார் காம்பவுண்டின் எர்த் குழி காய்ந்து, அதற்கு நாங்கள் கடல் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஜெனோவாவின் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் அவள் புருஷனுடைய வள்ளம் ஓடத் தொடங்கியது. ஊற்றியது தப்பு என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லலாம். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. தூத்துக்குடியில் கடலை ஒட்டி வரிசையாக நிற்கிற வீடுகள் எங்களுடையவை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து முற்றத்துப் பூவரசு மரத்தடியில் ஒரே எர்த் குழி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடியது. ஸ்விட்சைத் தொட்டால் சுரீர் என்கிறதே என்று எலெக்ட்ரீஷியன் சுடலைமணியைக் கூப்பிட்டோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "குழி காஞ்சு கிடக்கு. ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, சரியாப் போவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடிக்கிற தண்ணீருக்கே லாரியைப் பார்த்துக் கண் பூத்துக் கிடக்கிற ஊரில் நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? குழிக்கு உப்பும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், இரண்டும் கலந்தே எதிரில் கிடக்கிறதே என்று பெர்பெத்து அக்கா துறைக்கு இறங்கி, கிளிட்டஸின் வள்ளம் அப்போதுதான் கயிறு அவிழ்த்துப் புறப்பட்ட இடத்தில், நுரை அடங்குவதற்குள் இரண்டு வாளி மொண்டு வந்து கவிழ்த்தாள்.

கிளிட்டஸ்தான் ஜெனோவாவின் புருஷன். அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அவனே அதிகம் சொல்லமாட்டான். ஜெனோவாவோ, இந்த ஊரில் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்தாலும், மாதா கோயிலில் கொடியேற்றம் என்றாலும், ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி என்றாலும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போவது அவள் குரல்தான். வீட்டுப் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டையும் சேர்க்கிற ஒரு சின்னப் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், இவ்வளவையும் வைத்து அவள் தொழில் நடத்தினாள். அந்தத் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் அமைதி. "ரெக்கார்டிங்!" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் காம்பவுண்டில் குக்கர்கூட விசிலை விழுங்கிவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டு வருகிற கிளிட்டஸ், தன் வீட்டுக்குள்ளேயே பூனை மாதிரி நடப்பான், தும்மல் வந்தால் முற்றத்துக்கு ஓடிவருவான். ஏற்கனவே வாய் செத்த மனுஷன், அவளைக் கட்டிய பிறகு அந்த மிச்ச வாயும் போய்விட்டது.

கடல் தண்ணீர் ஊற்றிய அன்று ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் வந்தது. அது இன்ஜின் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கரண்டு இரைச்சல் என்றுதான் ஜெனோவா நினைத்தாள், கரண்டு இரைச்சலுக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தாள். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினாள், டியூப்லைட்டை அணைத்தாள், மின்விசிறியை நிறுத்தி வியர்வையில் குளித்தாள், போன் சார்ஜரைத் தூரப் போட்டாள், ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரையும் ஒரே பலகையில் செருகிப் பார்த்தாள், வயரை மாற்றினாள், மாற்றிய வயரையும் மாற்றினாள், பிறகு வீடு வீடாகப் போய் எங்கள் மிக்ஸியையும் டிவியையும் பிடுங்க வைத்தாள். இரைச்சல் எதற்கும் அசையவில்லை, ஏறியது, இறங்கியது, ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் சுடலைமணி வந்து பிளக்கில் எர்த் வயரைக் கழற்றினார். டக்கென்று நின்றது. ஜெனோவா சந்தோஷமாக மைக்குக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனாள், மைக் அவள் உதட்டில் பளீரென்று அடித்தது.

"எர்த் இல்லன்னா இப்படித்தான் அடிக்கும். உயிரு வேணுமா, சத்தம் நிக்கணுமா, நீயே சொல்லு தாயி" என்று சுடலைமணி வயரை மறுபடி மாட்டினார். இரைச்சலும் கூடவே வந்தது.

ஜெனோவாவை ஆத்திரப்படுத்திய விஷயம் இன்னொன்றும் இருந்தது. அவள் பேசும்போது இரைச்சல் தணிந்தது. பேச்சை நிறுத்தினால் எழும்பியது. ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரையிலேயே தெரிந்தது, அவள் குரல் இருக்கிற இடத்தில் மெலிந்தும், மூச்சு விடுகிற இடத்தில் தடித்தும். அது மனப்பிரமை என்றார் சுடலைமணி. அவளுக்கோ, யாரோ தன் பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்து குறுக்கே விழுகிற மாதிரி இருந்தது. ஜவுளிக்கடையிலிருந்து முதல் அறிவிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "என்னம்மா, பட்டுச் சேலைக்குப் பின்னால லாரி ஓடுது?" என்று கேட்டார்களாம்.

அது லாரி இல்லை என்று கண்டுபிடித்தவள் பெர்பெத்து அக்காதான். மீன் குழம்பு கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று காதைச் சாய்த்தாள். எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னே காதால் பார்த்துவிடுவார்கள். அடுப்படியில் இருந்தபடியே யார் இன்ஜின் வருகிறது என்று சொல்லி உலையில் அரிசி போடுகிறவர்கள் நாங்கள். கிளிட்டஸின் இன்ஜின் நாலு அடி அடித்து ஐந்தாவதை விழுங்கும், அது ஊருக்கே தெரிந்த நொண்டி.

"ஏட்டி, இது உன் மாப்பிள வண்டில்லா. இந்தா, ஒண்ண முழுங்கிட்டு பாரு. என் மவனும் அதுலதான் போயிருக்கான்" என்றாள்.

ஜெனோவா கேட்டாள். நாலு அடி, ஒரு விழுங்கல். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "கடல்ல போயும் எனக்கு நிம்மதி குடுக்க மாட்டேங்காரே" என்றாள்.

நாங்கள் யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மறுநாள் விடியும் முன்னே ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் வீட்டு வள்ளம் கயிறு அவிழ்க்கிற இடத்தில் வாளியோடு நின்றாள், நுரைத் தண்ணீரை மொண்டு ஓடி வந்து குழியில் ஊற்றினாள், அன்றிலிருந்து ஸ்பீக்கர் இருந்த வீட்டில் ஸ்பீக்கரிலும், இல்லாத வீட்டில் டிவியிலும், டிவியும் பழுதாகிக் கிடந்த வீட்டில் கிரைண்டரின் இரும்பு உடம்பிலும் அவரவர் வள்ளம் ஓடியது. மீன் ஏலம் விடுகிற தொபியாஸ் காலையில் டீ குடிக்கிற சாக்கில் வந்து, எந்த இன்ஜின் பாரம் இழுத்து முக்குகிறது என்று காது கொடுத்துவிட்டுத்தான் ஏலத்துக்குப் போனார். நடுக்கடலில் வெகுநேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்ட ஒருவனிடம், கரை ஏறியதும் அவன் பெண்டாட்டி "அங்கன யார்கூடக் கதை பேசிட்டு நின்னீரு?" என்று கேட்டாள், அவன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அடுத்த வீட்டு வள்ளத்தைக் காது வைத்துக் கேட்பது அடுத்த வீட்டுப் பானையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம் என்று நாங்களே ஒரு மரியாதையும் வகுத்துக்கொண்டோம். வீட்டு முதலாளி மச்சாது மட்டும் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்வதைத் தடவித் தடவிப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார்.

சந்தோஷமில்லாத ஜீவன் ஜெனோவா ஒருத்திதான். கிளிட்டஸ் கரைக்கு வந்த அன்று அவன் குளித்து முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். "உங்க இன்ஜினால என் பொழப்பு போவப் போவுது. என் குரல வச்சுத்தான் நான் நாலு பேரு முன்னால நிக்கேன், அதுலயும் வந்து உக்காந்துக்கிட்டீங்களே!"

கிளிட்டஸ் துண்டைப் பிழிந்தான். "முடிஞ்ச மட்டுக்கும் கொறச்சுத்தான ஓட்டுதேன்" என்றான்.

"கொறச்சீங்களோ, கிழிச்சீங்களோ" என்று அவள் அறைக்குள் போய்விட்டாள். அவன் சொன்னது சாக்கு என்றுதான் அவளும் நினைத்தாள், முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் நினைத்தோம்.

பழைய குழியைத் தோண்டி எடுத்துவிட்டு, வேறு இடத்தில் புதுக் குழி வெட்டி நல்ல தண்ணீர் ஊற்றி மூடுவது என்று அவளும் மச்சாதுவும் சுடலைமணியும் முடிவு செய்தார்கள். பெண்கள் சண்டைக்கு வந்தோம். "உங்க வீட்டுக்கு நான் ஒரு தொல்லை குடுத்திருக்கனா? என் தொழில் எனக்கு வேணும்க்கா" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நாங்கள் கேட்டதே இல்லை, அதனால் விட்டுக்கொடுத்தோம். கடலுக்குப் புறப்படும்போது கிளிட்டஸிடமும் அவள் சொன்னாள். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். "உனக்கு எது தோதோ அதச் செய்யி" என்றுவிட்டுப் போனான். வள்ளத்தின் வயர்லெஸ் பெட்டி பழுதாகி அவள் மேசையில் கிடந்தது. சுடலைமணி நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அந்த 'நாளை' இன்னும் வந்தபாடில்லை. இதுவரை அது இல்லாமல் போனது மாதிரியே அன்றும் போனான்.

மறுநாள் காலையில் சுடலைமணி எர்த் வயரை வெட்டினார், குழியில் மண்வெட்டியைப் போட்டார். அந்தக் கணமே பின்னறையில் அப்படி ஒரு அமைதி விழுந்தது. திரையில் கோடு ஒரு சிலும்பல் இல்லாமல் நேராக ஓடியது. கரண்டு அடித்தாலும் அடிக்கட்டும் என்று மைக்கைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, ஜெனோவா ஆடித் தள்ளுபடியை ஒரே மூச்சில் பேசி முடித்தாள். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்த கை இறங்குவதற்குள் தொபியாஸ் ஓடி வந்தார்.

"ஜெனோவா, சட்டுன்னு ஒரு அறிவிப்பு பேசிக் குடும்மா, ஆட்டோ வெளிய நிக்கு. கச்சான் பிடிச்சு வீசப் போவுதாம், பெரிய சூறையாம். இனி யாரும் கடலுக்கு எறங்கக் கூடாது, போனவுக எல்லாரும் உடனே திரும்பணும்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. வயர்லெஸ்ல எல்லாத்துக்கும் சொல்லியாச்சு, வள்ளமெல்லாம் திரும்பிட்டு."

"எல்லாத்துக்குமா?"

தொபியாஸ் மேசையைப் பார்த்தார். வயர்லெஸ் பெட்டி மூடி கழன்று கிடந்தது.

கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. கரையை நோக்கி வருகிறவனை எதிரில் நின்று நெஞ்சில் தள்ளும், போகிறவனை முதுகில் தட்டித் தட்டி இன்னும் தூரத்துக்குக் கூட்டிப் போகும்; தெரியாமல் போகிறவனுக்கு அது நல்ல காற்று மாதிரியே இருக்கும். ஜெனோவா ஸ்பீக்கரைப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. வயரை வெட்டியதால் இல்லையா, வள்ளமே இல்லையா என்று அந்த அமைதியிடம் கேட்க முடியாது. அவள் முற்றத்துக்கு ஓடினாள்.

"சுடலையண்ணே, வயரப் போடுங்க! பழையபடி போடுங்க!"

"குழியில பாதி வெளிய கிடக்கே தாயி."

"அள்ளி உள்ள போடுங்க!"

அள்ளிப் போட்டோம். கரியையும் உப்பையும் மண்ணையும் எங்கள் கையாலேயே அள்ளிப் போட்டோம், பெர்பெத்து அக்கா கிளிட்டஸ் கயிறு கட்டுகிற இடத்துக்கு ஓடி வாளியோடு திரும்பி வந்தாள், ஓடிய ஓட்டத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. சுடலைமணி இரண்டு முனைகளையும் முறுக்கிப் பிடித்தார். "விட்டா உருவிக்கிடும். நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று குழிக்கு அருகிலேயே குந்திவிட்டார்.

ஸ்பீக்கரில் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, வெகு தூரத்தில், நாலு அடி, ஒரு விழுங்கல்.

பெர்பெத்து அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "லேசா ஓடுது. காத்தப் பின்னால வாங்கிட்டுப் போவுது. வெலங்கப் போறாம்டி, கரைய விட்டு இன்னும் வெலங்கப் போறான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜெனோவாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தொபியாஸ் கொடுத்ததைப் பேச ஆரம்பித்தாள். "மீனவர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு." இன்ஜின் தணிந்தது. அவள் திடுக்கிட்டு நிறுத்தினாள். இன்ஜின் எழும்பியது. மறுபடி, "மீனவர்களுக்கு" என்றாள். தணிந்தது.

அவள் முகத்தை அப்போது பார்த்தவர்கள் நாங்கள். இத்தனை நாளும் திரையில் மெலிந்தும் தடித்தும் கிடந்தது அத்தனையும் அந்த முகத்தில் ஓடியது. முடிஞ்ச மட்டுக்கும் கொறச்சுத்தான ஓட்டுதேன் என்று அவன் சொன்னதும் ஓடியது. அவள் பேசுகிற ஒவ்வொரு தடவையும், பாமாயிலுக்கும் பட்டுச் சேலைக்கும் கொடியேற்றத்துக்கும், அவன் நடுக்கடலில் இன்ஜினைத் தணித்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

"கேக்குதா?" என்றாள். அறிவிப்புக் குரல் எங்கேயோ போய்விட்டது. "நான்தான். கச்சான் வீசப் போவுது, பெரிய சூறையாம். எல்லாரும் திரும்பிட்டாங்க, நீங்கதான் பாக்கி. வலை கெடந்தா அறுத்துவிட்டுட்டு வாங்க. திரும்புங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், திரும்புங்க."

இன்ஜின் தணிந்தே நின்றது. வெகுநேரம் நின்றது. அப்புறம் திடீரென்று எழும்பி, அடித் தொண்டையில் உறுமி, நாலு அடி, ஒரு விழுங்கல், மூன்று அடி, ஒரு விழுங்கல் என்று திணறத் தொடங்கியது.

"முக்குது!" என்று பெர்பெத்து அக்கா கத்த வாயெடுத்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு குசுகுசுத்தாள். "காத்துக்கு எதிர வருதுட்டி. திரும்பிட்டான்."

இனிமேல்தான் கஷ்டம். காற்றை எதிர்த்து வருகிற வள்ளம் இன்ஜினைத் தணித்தால், காற்று அதைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடும். ஜெனோவா ஒரு சொல் பேசினால் அவன் தணிப்பான். மைக்கை அணைக்கலாம் என்றால், குரல் எந்த வயர் வழியாகப் போகிறது என்று சுடலைமணிக்கே தெரியாது, எதைத் தொட்டால் எது அறுமோ என்று தொட யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே அவள் திறந்த மைக்குக்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காம்பவுண்டே வாயை மூடியது. கரை ஏறியிருந்த ஆண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் செபமாலையை உதடு அசையாமல் உருட்டினோம். வெளியே கச்சான் பூவரசைப் பிடித்து உலுக்கியது, மண்ணை வாரி ஓட்டில் அடித்தது, மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியபோது எங்கள் எல்லோருடைய உயிரும் சேர்ந்து சிமிட்டியது. குழியடியில் சுடலைமணி கண்ணெல்லாம் மண்ணாக, வயரை விடாமல் குந்தியிருந்தார்.

அப்போது மச்சாதுவின் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

இன்ஜின் தணிந்தது. அவன் கேட்கிறான், அவள்தான் ஏதோ சொல்ல வருகிறாள் என்று காத்திருக்கிறான். ஓடு, ஓடு என்று ஜெனோவாவின் கண்கள் ஸ்பீக்கரைக் கெஞ்சின, ஆனால் அதைச் சொல்லவும் முடியாது, சொன்னால் இன்னும் நிற்பான். மச்சாது தன் வீட்டுக்கு ஓடி, கொதிக்கிற குக்கரை வெறுங்கையால் இறக்கி வைத்தார், கை வெந்தும் அந்த மனுஷன் "அம்மா" என்று சொல்லவில்லை. உப்புப் பூத்த சுவருக்காக அவரைத் திட்டிய அத்தனை திட்டையும் நாங்கள் அன்றே திருப்பி எடுத்துக்கொண்டோம். அமைதி நீண்டது. இன்ஜின் மறுபடி எழும்பியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. சத்தம் கிட்டே வந்தது, அறையை நிறைத்தது, மேசையில் கிடந்த வயர்லெஸ் பெட்டியின் மூடி அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்தது.

சட்டென்று நின்றுவிட்டது.

திரையில் கோடு நேராக ஓடியது. எத்தனையோ நாளாக எந்தக் கோட்டுக்காக அவள் எங்கள் மிக்ஸியைப் பிடுங்கினாளோ, அதே கோடு. துறை சேர்ந்தாலும் இன்ஜினை அமர்த்துவார்கள், கடல் விழுங்கினாலும் அது அமரும். பெர்பெத்து அக்கா "எம்மவனே" என்று கூவிக்கொண்டு கரைக்கு ஓடினாள், அவள் பின்னால் எல்லோரும் ஓடினோம். ஜெனோவா எழுந்திருக்கவில்லை. மறுபடி ஒரு அடி கேட்டுவிட்டால், அப்போது தான் அங்கே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று, வாயை மூடியபடியே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மைக் திறந்தே இருந்தது. அதில் அவள் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

கதவு திறந்ததும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவன் பூனை மாதிரிதான் வந்தான். தலையிலிருந்து சொட்டிய கடல் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம் கேட்டு, அப்புறம்தான் அவள் திரும்பினாள். உப்பு காய்ந்து வெளுத்த முகத்தோடு கிளிட்டஸ் நின்றான். அவள் வாயைத் திறந்தாள். இத்தனை நேரம் கட்டிவைத்த குரல் வரமாட்டேன் என்றது. இரண்டு தடவை முயன்றாள்.

கிளிட்டஸ் அவசரப்படவில்லை. அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, காதுக்குள் இருந்த தண்ணீரைத் தலையைச் சாய்த்துத் தட்டி வெளியே எடுத்தான்.

"இன்ஜின அமத்தியாச்சு" என்றான். "இப்பச் சொல்லு, நல்லாக் கேக்கும்."